அலுவலக ரீமும் சுமத்ரா காடும்: காகிதக் கொள்முதலை மாற்றவைக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் வாங்கும் காகிதத்தை மாற்றவைக்க எனக்குப் பதினாறு மாதம் பிடித்தது. வேலை என்று பார்த்தால் ஐந்து மாத வேலைதான். மீதிப் பதினொரு மாதம் என் அவசரத்தால் வீணானது. அந்தப் பதினொரு மாதத்தை நீங்களாவது மிச்சப்படுத்துங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம் போதும். இந்தோனேசியக் காகிதக்கூழில் பெரும்பங்கு ஏ.பி.பி. (ஏசியா பல்ப் அண்ட் பேப்பர்), ஏப்ரில் (APRIL) என்ற இரண்டு குழுமங்களிடம் இருக்கிறது. இயற்கைக் காட்டை இனி வெட்டமாட்டோம் என்று ஏ.பி.பி. 2013 பிப்ரவரியிலும், ஏப்ரில் குழுமம் 2015 ஜூனிலும் அறிவித்தன. அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஏற்கெனவே காடு போன இடத்தில் நிற்கும் அக்கேசியா தோட்டங்களில் பெரும்பகுதி, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த கரிச்சதுப்பு நிலத்தில் இருக்கிறது. பீட் என்கிறார்களே, அதுதான். காய்ந்த பீட் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். 2015-ல் இங்கே பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டத்தில் அந்தப் புகை நிறைய இருந்தது. கிராமத்தாருடன் நிலத் தகராறுகளும் ஓயவில்லை. போர்னியோத் தீவின் மேற்குக் கலிமந்தானில் மயவானா பெர்சாடா என்ற ஒரே நிறுவனத்தின் உரிம நிலத்தில் 2021 முதல் 2023-க்குள் முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு போயிருக்கிறது. 2024 மார்ச்சில்தான் அரசு அங்கே வெட்டை நிறுத்தச் சொன்னது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஒப்பந்தம் முடியும் தேதியை முதலில் கண்டுபிடியுங்கள்

நான் கையெழுத்து வேட்டையில் ஆரம்பித்தேன். மூன்று வாரம் மாடி மாடியாக ஏறி இறங்கி 140 கையெழுத்து வாங்கி, அதை ஒரு கோப்பில் போட்டுக் கொள்முதல் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மா எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். காகிதத்துக்கான ஓராண்டு ஒப்பந்தம் உள்ளே இருந்தது. கையெழுத்தாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. "போன மாசம் வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கையெழுத்தும் வேண்டாம், சுவரொட்டியும் வேண்டாம். முதலில் கொள்முதல் பிரிவில் இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: காகிதத்தை யார் வாங்குகிறார்கள் (உங்கள் கிளையா, தலைமையகமா, கட்டட நிர்வாகமா), ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தானாகவே நீளும் விதி இருக்கிறதா, கையெழுத்துப் போடுவது யார்.

தானாக நீளும் விதியைக் கட்டாயம் கேளுங்கள். முடிவதற்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்லாவிட்டால் இன்னோர் ஆண்டு தொடரும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி பதுங்கியிருக்கும். எங்களுடையதில் அறுபது நாள். கொட்டேஷன் கேட்பது அதற்கும் முன்னால் நடக்கும். ஆகவே முடியும் தேதியிலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணி அன்று தொடங்குங்கள்.

டிஷ்யூவும் கழிவறைக் காகிதமும் பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தில் வராது. துப்புரவு ஒப்பந்தக்காரர் வாங்குவார். அது தனிக் கதை, தனித் தேதி.

2. கோரிக்கை ஒரு வரிக்குள் இருக்கட்டும்

"மழைக்காட்டைக் காப்போம்" என்பதை வைத்துக்கொண்டு கொள்முதல் அதிகாரி எதையும் வாங்க முடியாது. எங்கள் வரி இது: "அடுத்த ஒப்பந்தத்திலிருந்து ஏ4 நகல் காகிதம், உறையில் எஃப்.எஸ்.சி. முத்திரை உள்ளதாகவோ முழு மறுசுழற்சிக் காகிதமாகவோ இருக்க வேண்டும்."

எஃப்.எஸ்.சி. (FSC) என்பது, காட்டைப் பொறுப்போடு பராமரித்து எடுத்த மரமா என்று பார்த்துச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பு. எந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரைச் சொல்லித் தடை கேட்டால் விஷயம் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். தரத்தைச் சொல்லிக் கேட்டால் கொள்முதல் பிரிவிலேயே முடியும். எஃப்.எஸ்.சி. அமைப்பு ஏ.பி.பி.யுடன் 2007-லும் ஏப்ரிலுடன் 2013-லும் உறவை முறித்துக்கொண்டது. அதனால் அவர்களுடைய தாளில் அந்த முத்திரை வராது, இந்த ஒரு வரி போதும். இரண்டு குழுமங்களும் திரும்பச் சேர்வதற்கான பேச்சில் இருந்திருக்கின்றன என்பதால், கடிதம் அனுப்பும் நாளன்று காலையில் எஃப்.எஸ்.சி. தளத்தில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

"இந்தோனேசியப் பொருள் எதுவும் வேண்டாம்" என்ற பேச்சை யாராவது எடுத்தால் உடனே மறுத்துவிடுங்கள். சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் ஜிக்கலஹாரி, வால்ஹி போன்ற அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்புகள்தான் நம்மைவிட அதிகமாக இதற்காகப் பாடுபடுகின்றன. அவர்கள் நாட்டையே ஒதுக்கிவிட்டு அவர்களுக்கு எப்படித் துணை நிற்பது?

3. உறையைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு ஒரு மதிய உணவு இடைவேளை போதும். ஆனால் ஆளை ஏமாற்றும் இடமும் இதுதான். ஸ்டோர் அறைக்குப் போய் எல்லா ரீம் (500 தாள் கொண்ட கட்டு) உறைகளையும் ஆறு பக்கமும் படமெடுங்கள்.

எஃப்.எஸ்.சி. முத்திரையில் சரிக்குறியும் மரமும் சேர்ந்த ஒரு சின்னம் இருக்கும். கீழே எந்த வகை என்று இருக்கும்: 100%, மிக்ஸ், ரீசைக்கிள்ட். அப்புறம் எஃப்.எஸ்.சி.-சி (FSC-C) என்று தொடங்கி ஆறு இலக்க எண். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி.யின் தேடல் தளத்தில் போட்டால், அது யாருடையது, இப்போது செல்லுமா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று காட்டும். கட்டணம் இல்லை. அந்தத் திரையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

எண் இல்லாத முத்திரையை முத்திரையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ஏமாந்த இடங்கள் சில. பி.இ.எஃப்.சி. என்பது வேறு சான்றிதழ்; வட்டத்துக்குள் இரண்டு மரம் நிற்கும். நாம் பேசும் இரண்டு குழுமங்களின் தோட்டங்களுக்கும் இந்தச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, ஆகவே அது நம் கோரிக்கையை நிறைவேற்றாது. இந்தோனேசிய அரசின் மரச் சட்டபூர்வச் சான்று, மரம் சட்டப்படி வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லும். பீட் நிலத்தில் உரிமம் பெற்ற தோட்டமும் சட்டபூர்வமானதுதானே. ஈ.சி.எஃப். என்பது வெளுக்கும் முறையைப் பற்றியது. ஆசிட் ஃப்ரீ என்றால் தாள் சீக்கிரம் மஞ்சளாகாது, அவ்வளவே. பச்சை இலைப் படத்துக்கு ஓர் அர்த்தமும் கிடையாது.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரை அச்சடிக்கும் அண்ணனிடமும் இதைக் கேட்டேன். மாவு படிந்தாற்போல் தூசி ஏறிய அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டினை இறக்கி, என் முன்னால் திருப்பி வைத்தார். "இந்தா தம்பி, மரம் போட்டிருக்கு பார். ஒண்ணுக்கு ரெண்டு மரம்."

"அந்த ரெண்டு மரம்தாண்ணே சிக்கல்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த வாரமே தன் காகித வியாபாரிக்குப் போன் போட்டு எஃப்.எஸ்.சி. தாளுக்கு விலை கேட்டுச் சொன்னார். அச்சுவேலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தாள் எஃப்.எஸ்.சி. ஆக இருந்தாலும், மலரின் பின்னட்டையில் முத்திரை போட வேண்டுமென்றால் அச்சகத்துக்கே அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். சின்ன அச்சகங்களிடம் பெரும்பாலும் இருக்காது. முத்திரை இல்லாவிட்டால் பரவாயில்லை, தாள் சரியாக இருந்தால் போதும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தாள் வாங்கிய இன்வாய்ஸின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

4. வரைபடத்தை வைத்து அவசரப்பட்டுப் பேசாதீர்கள்

குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச், நுசந்தாரா அட்லஸ் ஆகிய இரண்டு தளங்களும் இலவசம். கூழ்மரத் தோட்ட எல்லை, பீட் நிலம், தீப்புள்ளி எல்லாம் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். எந்த ஆலைக்கு எங்கிருந்து மரம் போகிறது என்று தேட ட்ரேஸ் தளம் உண்டு. குழுமங்கள் தங்கள் மர வழங்குநர்களின் பட்டியலைத் தாங்களே வெளியிடுகின்றன, அதையும் இறக்கி வையுங்கள்.

முதல் கூட்டத்தில் ரியாவ் படத்தைத் திரையில் போட்டு, இளஞ்சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் காட்டி "பாருங்கள், எவ்வளவு காடு போயிருக்கிறது" என்றேன். நிதிப் பிரிவில் ஒருவர் கை தூக்கி, "இது அவர்கள் நட்ட மரத்தை அவர்களே அறுவடை செய்ததாக இருக்கலாமே?" என்றார். அவர் சொன்னது சரி. மரப்போர்வை இழப்பு என்ற அடுக்கில் தோட்ட அறுவடையும் சேர்ந்துதான் வரும். அக்கேசியாவை ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், வெட்டும்போதெல்லாம் படம் சிவக்கும். ஆகவே முதன்மைக் காட்டு (வெட்டி அழிக்கப்படாத பழைய இயற்கைக் காடு) அடுக்கைப் போட்டு, அதற்குள் விழும் இழப்பை மட்டும் காட்டுங்கள். தீப்புள்ளியும் அப்படித்தான். செயற்கைக்கோள் கண்ட வெப்பம் அது. யார் வைத்த தீ என்று அது சொல்லாது. "இந்த எல்லைக்குள் இத்தனை தேதியில் இத்தனை புள்ளிகள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாளையே ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பலாம். நுண்ணோக்கியில் நார்களைப் பார்த்து, காட்டு மரங்களின் கலப்பு இருக்கிறதா, வெறும் அக்கேசியாவா என்று சொல்லிவிடுவார்கள். 2011-ல் பார்பி பொம்மைப் பெட்டிகளை வைத்து கிரீன்பீஸ் நடத்திய இயக்கத்துக்கு இந்தச் சோதனை பெரிய ஆயுதமாக இருந்தது. மேட்டல் நிறுவனம் அதே ஆண்டில் காகிதக் கொள்கையை மாற்றியது. ஆனால் இன்று உங்கள் ரீமில் அக்கேசியாதான் வரும், அது பீட்டில் வளர்ந்ததா மேட்டு நிலத்தில் வளர்ந்ததா என்று நார் சொல்லாது. ஒரு மாதிரிக்குச் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள், நாங்கள் வேண்டாமென்று விட்டோம்.

5. செலவுக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள்

80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 ரீம் ஒன்று கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. ஐந்து ரீம் ஒரு பெட்டி. எங்கள் அலுவலகத்தில் மாதம் 40 பெட்டி, அதாவது அரை டன். இதை யாரும் எடையாக நினைத்துப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் அரை டன் என்றதும் எல்லோரும் போனைக் கீழே வைத்தார்கள்.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரே ஜி.எஸ்.எம்., ஒரே அளவு, டெலிவரி சேர்த்தா சேர்க்காமலா என்பதைப் பார்த்து ஒப்பிடுங்கள். எங்களுக்கு வந்த விலையில் பழைய தாள் ரீம் 4.60 வெள்ளி, எஃப்.எஸ்.சி. தாள் 5.20 வெள்ளி. மாதம் 200 ரீமுக்கு 120 வெள்ளி கூடுதல். இந்த எண்ணோடு மட்டும் போனால் அங்கேயே கதை முடிந்தது.

ஆகவே கூடவே இன்னொன்றும் செய்தோம். தகவல் தொழில்நுட்பப் பிரிவில் சொல்லி எல்லா அச்சுப்பொறிகளிலும் இருபக்க அச்சை இயல்பாக வைக்கச் சொன்னோம். இரண்டு மாதம் முன்னோட்டம் பார்த்ததில் 200 ரீம் 150 ஆனது. 150 ரீம் 5.20 வீதம் 780 வெள்ளி. முன்பு 920. செலவு குறைந்தது! முன்னோட்டத்துக்கு இரண்டு மாதம் போகும் என்பதால்தான் ஐந்து மாதம் முன்பே தொடங்கச் சொன்னேன்.

மறுசுழற்சித் தாளுக்கு அச்சுப்பொறி பராமரிப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு பெட்டி மட்டும் வாங்கி ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்கள். தாள் சிக்குகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். மரம் இல்லாத நார் பற்றியும் கேட்பார்கள். நம்மூர்க் கரூரில் காகிதபுரத்து ஆலை கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுப்பதைச் சொல்லலாம். அந்தத் தாள் இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்பதைக் கடைக்காரரிடம் உறுதி செய்துகொண்டு அப்புறம் பட்டியலில் சேருங்கள்.

6. கடிதமும் இணைப்புகளும்

கடிதம் ஒரே பக்கம். முதல் பத்தியில் அந்த ஒரு வரிக் கோரிக்கை, ஒப்பந்தம் முடியும் தேதி. இரண்டாவதில் ஏன் என்று நான்கு வரி. மூன்றாவதில் செலவு. கடைசியில் பதில் கேட்கும் தேதி. இணைப்பில் உறைப் படங்கள், சான்றிதழ் தேடல் திரையின் படங்கள், மூன்று கொட்டேஷன், முன்னோட்டக் கணக்கு, ஒரே ஒரு வரைபடம். கையெழுத்துப் பட்டியலையும் இப்போது வையுங்கள், கடைசி இணைப்பாக. என்னுடைய 140 கையெழுத்தில் 31 பேர் அதற்குள் வேலை மாறியிருந்தார்கள். அந்தப் பெயர்களை அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கொட்டேஷன் கேட்கும் ஆவணத்தில் சேர்க்க இந்த மூன்று நிபந்தனைகளையும் தயாராக எழுதிக் கொடுங்கள், அவர்களுக்கு வேலை மிச்சம்: ஒவ்வொரு ரீம் உறையிலும் உரிம எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும், சரக்கு இல்லையென்றால் அதே தரத்தில்தான் மாற்றுத் தாள் தர வேண்டும், தரம் மாறி வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு வழங்குநருடையது.

"ஏன்" என்ற நான்கு வரி ஆளுக்கு ஆள் மாறும். அலுவலகத்தில் புகைமூட்டத்தைச் சொன்னாலே போதும். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அதையே சொன்னேன், தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டு ஏற்பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். பிறகு சாம்பிராணியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் புகைபோடும் நல்ல சாம்பிராணி, வட சுமத்ராவில் தோபா ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில் பட்டாக் மக்கள் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். அங்கே பண்டுமாஆன், சிப்பித்துஹூத்தா என்று இரண்டு ஊர்கள். கூழ் ஆலைக்காக அவர்களுடைய சாம்பிராணி மரங்களை வெட்டியதை எதிர்த்துப் பல ஆண்டு போராடி, 2016 டிசம்பரில் அந்தக் காடு அவர்களுடைய மரபுக்காடு என்று அரசிடம் அங்கீகாரம் வாங்கினார்கள். செயலாளர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம சாம்பிராணியா?" என்றார். மலருக்கான தாள் அன்றே முடிவாகிவிட்டது.

7. வழங்குநரிடமிருந்து வரும் பதில்கள்

இரண்டு வாரத்துக்குள் பதில் வரும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

"எங்களிடம் எஃப்.எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது" என்று ஒரு கோப்பை அனுப்புவார்கள். அது கடையின் சான்றிதழ். சான்றிதழ் பெற்ற தாளை விற்க அவர்களுக்குத் தகுதி உண்டு என்று மட்டுமே அதற்கு அர்த்தம். உங்களுக்கு அனுப்பும் இந்த ரீம் அந்தத் தாள்தான் என்று ஆகிவிடாது. உறையில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். உறையில்லாமல் பெரிய தாளாக வாங்கினால், இன்வாய்ஸில் அந்தப் பொருளுக்கு நேராக எஃப்.எஸ்.சி. வகையும் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். தலைகீழாகவும் நடக்கும்: மூலைக்கடை ஸ்டேஷனரிக்காரரிடம் சான்றிதழே இருக்காது, ஆனால் முத்திரை போட்ட ரீமைப் பிரிக்காமல் அப்படியே விற்பார். அது சரிதான், அவரை விரட்ட வேண்டாம்.

"ஆலை காடு அழிப்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கிறது" என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு, உறை முத்திரையையே மறுபடியும் கேளுங்கள். கொள்கை விவாதத்துக்குள் போனால் வெளியே வர மாட்டீர்கள், அதற்குள் ஒப்பந்தத் தேதி போய்விடும்.

"சிங்கப்பூர் கிரீன் லேபிள் இருக்கிறது" என்பார்கள். இது இங்குள்ள சுற்றுச்சூழல் முத்திரை. இதை நான் மதிக்கிறேன். 2017-ல் காகிதத்துக்கான நிபந்தனைகளில் தீ, பீட் நிர்வாகம் இரண்டையும் சேர்த்துக் கடுமையாக்கியிருக்கிறார்கள். கூடுதல் தகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

8. வெளியே பேசுவதற்கு முன்

அலுவலகத்துக்குள்ளேயே முடிந்தால் நல்லது. முடியாமல் வெளியே வருவதானால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு கோரிக்கைக்காகப் பொது இடத்தில் அட்டை பிடித்து நிற்க, நிற்பது ஒரே ஓர் ஆளாக இருந்தாலும், போலீஸ் அனுமதி வேண்டும். பேரங்காடி வாசலில் "சும்மா ஒரு படம் எடுத்துக்கலாம்" என்று நிற்காதீர்கள். ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவு செய்துகொண்டு பேசலாம். வேலை அனுமதியில் இருக்கும் நம் ஆட்கள் அங்கே ஆர்வத்தில் கலந்துகொண்டு மாட்டிக்கொள்ள வேண்டாம், வெளிநாட்டவருக்கு அனுமதி தனி. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து பெயர் வைத்து இயங்கினால் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் பெயர் வைக்கவே இல்லை, ஐந்து பேர், ஒரு வாட்ஸப் குழு.

எழுத்தில் நிறுவனப் பெயர் வரும் இடமெல்லாம் இரண்டு முறை படியுங்கள். "காட்டை எரித்தவர்கள்" என்று எழுதினால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். "இந்த உறையில் எஃப்.எஸ்.சி. முத்திரை இல்லை" என்பதை யாரும் மறுக்க முடியாது.

கடைகளிடம் கேட்கவே பயம் என்றால் ஒரு முன்னுதாரணம் சொல்லுங்கள். 2015 அக்டோபரில் ஃபேர்பிரைஸ் உள்ளிட்ட பேரங்காடிகள் ஏ.பி.பி. பொருள்களை அலமாரியிலிருந்தே எடுத்தன. அந்த அளவுக்கு நாம் கேட்கவில்லை, ஒரு வரிதான் கேட்கிறோம்.

9. வென்ற பிறகு

புதிய தாள் வந்த முதல் இரண்டு மாதம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் கிடந்த வெற்று உறையைக் குப்பையில் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: பழைய தாளின் உறை. "ஸ்டாக் இல்லை, அதனால் இதை அனுப்பினோம்" என்றார்கள். ஒப்பந்தத்தில் மாற்றுத் தாள் நிபந்தனை இருந்ததால் பன்னிரண்டு பெட்டியும் மறுநாளே திரும்பிப் போயின, செலவு அவர்களுடையது. அதிலிருந்து சரக்கு இறக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் மேல்பெட்டி ஒன்றைப் பிரித்து, உறையைப் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டுத்தான் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

துப்புரவு ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. டிஷ்யூவுக்கான கொட்டேஷன்களை அக்டோபரில் கேட்க ஆரம்பிக்கிறேன்.